மேடம் எக்ஸ்: ஸ்ட்ராப்ப ஏத்தி விட்டாச்சு, பவுடர என்ன பண்றது?

இந்த ஓவியத்த பத்தி யாரு எழுதினாலும் ஸ்ட்ராப்ல தான் ஆரம்பிப்பாங்க. 1884ல பாரிஸ்ல ஒரு பெரிய எக்ஸிபிஷன், அதுல ஒரு பணக்கார வீட்டம்மா கருப்பு கவுன் போட்டு நிக்கிற மாதிரி ஆளுயர படம், கவுனோட ஒரு பக்க ஸ்ட்ராப் தோள்ல இருந்து நழுவி தொங்குது, ஊரே கொதிச்சு போச்சு, வரைஞ்சவரு லண்டனுக்கு ஓடிட்டாரு, அந்தம்மா வீட்டுக்குள்ளயே முடங்கிட்டாங்க, அவ்ளோதான் கதை. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல பாதி அப்படி நடக்கவே இல்ல, மீதி பாதியிலயும் ஸ்ட்ராப் ஒரு சின்ன ஐட்டம் தான். அன்னிக்கு அந்த ஹால்ல நின்னு பாத்தவங்க என்ன பேசினாங்கன்னு எழுதி வெச்சிருக்கற கடிதத்த படிச்சா, அவங்க கண்ண உறுத்தினது முதல்ல அந்தம்மாவோட தோல் நிறம்தான்னு புரியும், அதாவது மேல பூசியிருந்த பவுடர்.

படம் எல்லாரும் எங்கயாவது பாத்திருப்பீங்க. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துல இருக்கு, உயரம் 208.6 சென்டிமீட்டர், அகலம் 109.9, அதாவது பக்கத்துல நின்னா ஒரு ஆள் நிக்கிற உயரத்துல நிக்கும். பின்னாடி ஒண்ணுமே இல்ல, வெறும் பழுப்பு. கருப்பு வெல்வெட் மேல்சட்ட, கருப்பு சாட்டின் பாவாட, தலையில சின்னதா ஒரு வைரப் பிறை, ஒரு கைய வட்ட மேச மேல ஊனி முறுக்கி வெச்சிருக்காங்க, இன்னொரு கையில விசிறி. உடம்பு நம்ம பக்கம், முகம் மட்டும் சுத்தமா திரும்பி பக்கவாட்டுல. வரைஞ்சவரு ஜான் சிங்கர் சார்ஜென்ட். நிக்கிறவங்க விர்ஜினி அமேலி கோத்ரோ. மேடம் எக்ஸ்ங்கறது பின்னாடி வந்த பேரு, அத கடைசில சொல்றேன்.

நான் நேர்ல பாத்ததில்ல, மியூசியம் சைட்ல பெரிய சைஸ் போட்டோ ஃப்ரீயா போட்டிருக்காங்க, அத ஜூம் பண்ணி ஜூம் பண்ணி பாத்தது தான். பண்றதா இருந்தா காத ஜூம் பண்ணி பாருங்க. முகம், கழுத்து, நெஞ்சு, கை எல்லாம் ஒரே மாதிரி நீலம் ஓடின வெளுப்பு, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி. காது மட்டும் சிவப்பா இருக்கு, ரத்தம் ஓடற நிஜ காது. பவுடர் அங்க வரைக்கும் போகல. மொத்த படத்துலயும் அந்தம்மாவோட சொந்த நிறம் தெரியற இடம் கிட்டத்தட்ட அது ஒண்ணு தான். இத ஓவியர் தெரியாம விட்டாருன்னு நெனைக்காதீங்க.

சரி, இவங்க யாரு. 1859ல அமெரிக்காவுல நியூ ஆர்லியன்ஸ்ல பொறந்தவங்க. பிரெஞ்சு பேசற லூசியானா கிரியோல் குடும்பம், அதாவது அங்க குடியேறின பழைய ஐரோப்பியர்களோட வழி வந்தவங்க, அம்மா வழியில பார்லாஞ்ச்னு பெரிய தோட்டம் இருந்துச்சு, அடிமைகள வெச்சு கரும்பு பயிர் பண்ண பணம். அப்பா உள்நாட்டுப் போர்ல தெற்கு பக்கம் சண்ட போட்டு 1862ல ஷைலோவுல காயம் பட்டு செத்துட்டாரு. அம்மா 1867ல பொண்ண கூட்டிட்டு பாரிஸுக்கு வந்துட்டாங்க. அங்க பியர் கோத்ரோன்னு ஒரு பேங்கர், பொண்ணோட வயசுக்கு கிட்டத்தட்ட டபுள், அவருக்கு கல்யாணம் பண்ணி குடுத்தாங்க. அதுக்கப்புறம் இவங்களோட வேலை என்னன்னா அழகா இருக்கறது. கிண்டலா சொல்லல, அந்த காலத்துல பாரிஸ்லயும் லண்டன்லயும் அப்படி ஒரு வகை பெண்கள் இருந்தாங்க, விருந்துக்கு போவாங்க, என்ன டிரஸ் போட்டாங்கன்னு மறுநாள் பேப்பர்ல வரும், தெருவுல போனா கூட்டம் நின்னு பாக்கும். எட்வர்ட் சிம்மன்ஸ்னு ஒரு அமெரிக்க ஓவியர், மான் பின்னாடி வேட்டைக்காரன் போற மாதிரி அந்தம்மா பின்னாடி போகாம இருக்க முடியலன்னு தானே எழுதியிருக்காரு. முடிக்கு மருதாணி போட்டு செம்பட்ட ஆக்கிக்குவாங்க, உடம்பெல்லாம் வெளிர் ஊதா சாயல்ல பவுடர். இது ஊருக்கே தெரியும். தெரியும்ங்கறது வேற, சொல்றது வேற, அங்கதான் எல்லா வம்பும் ஆரம்பிக்குது.

சார்ஜென்ட்டும் ஒரு வகையில அமெரிக்கர் தான், ஆனா அமெரிக்காவ இருபது வயசு வரைக்கும் கண்ணால பாத்ததில்ல. 1856ல இத்தாலியில ஃப்ளாரன்ஸ்ல பொறந்தாரு, அப்பா பிலடெல்ஃபியா டாக்டர், வேலைய விட்டுட்டு குடும்பத்தோட ஐரோப்பா பூரா ஊர் ஊரா சுத்திக்கிட்டே இருந்தாங்க. 1874ல பாரிஸ் வந்து கரோலஸ்-துரான்ங்கற ஓவியர் கிட்ட சேந்தாரு. இந்த குருவோட பாணி தெரியாம படத்த புரிஞ்சுக்க முடியாதுங்கறதுனால கொஞ்சம் விவரமா சொல்றேன். அப்போ பெரிய ஸ்கூல்ல எல்லாம் முதல்ல பென்சில்ல பக்காவா வரையணும், அப்புறம் அடிப்பூச்சு, அப்புறம் மெலிசா லேயர் லேயரா கலர். கரோலஸ்-துரான் அதெல்லாம் வேணாம்னுட்டாரு. நேரா பிரஷ்ல கலர எடு, வெளிச்சமும் இல்லாம இருட்டும் இல்லாம நடுவுல இருக்கற டோன முதல்ல சரியா கண்டுபிடிச்சு வை, அத வெச்சு மேல வெளிச்சத்த போடு, கீழ இருட்ட போடு, முகம் தானா எழுந்து வரும். பழைய ஸ்பானிஷ் ஓவியர் வெலாஸ்கெஸ காட்டி, வெலாஸ்கெஸ பாரு, வெலாஸ்கெஸ பாருன்னு சொல்லிக்கிட்டே இருப்பாராம். சார்ஜென்ட் நிஜமாவே ஸ்பெயினுக்கு போய் வெலாஸ்கெஸ் படங்கள காப்பி பண்ணாரு, ஹாலந்து போய் ஃப்ரான்ஸ் ஹால்ஸ் படங்கள பாத்தாரு. ஒரு தடவ வெச்ச பிரஷ் வீச்சு சரியில்லன்னா அத ஒட்டுப் போட்டு சரி பண்ண மாட்டாரு, மொத்த தலையையும் சுரண்டிட்டு முதல்ல இருந்து போடுவாரு. கேன்வாஸ ஆளுக்கு பக்கத்துலயே நிக்க வெச்சுட்டு, தள்ளி போய் ரெண்டையும் சேத்து பாத்துட்டு, ஓடி வந்து ஒரு கோடு, திரும்ப தள்ளி போய் ஒரு பார்வ, இப்படியே நாள் பூரா நடை.

இந்த டெக்னிக்குக்கு சாப்பாடே அந்த நடு டோன் தான். கன்னம் எங்க திரும்புது, மூக்கு பக்கம் நிழல் எப்படி விழுது, தோலுக்கு அடியில சிவப்பு எங்க இருக்கு, இதுல தான் விளையாட்டு. இப்போ அந்த தோல் மேல ஒரே சீரா பவுடர் பூசினா என்ன ஆகும்? நடு டோன் காணாம போயிடும். முகம் தட்டையாயிடும். ஓரக் கோடு மட்டும் தான் மிச்சம்.

சார்ஜென்ட்டுக்கு இது நல்லா தெரிஞ்சிருந்துச்சு. சின்ன வயசு ஃப்ரெண்டு வெர்னன் லீங்கற எழுத்தாளருக்கு 1883ல எழுதின கடிதத்துல கேக்கறாரு, உடம்பு பூரா ஒரே லாவெண்டர் நிறம் இல்லன்னா மை ஒத்தற பிளாட்டிங் பேப்பர் நிறம் வர்ற அளவுக்கு பூசிக்கிறவங்கள உனக்கு பிடிக்குமா, பிடிக்காதுன்னா நான் வரையற ஆள உனக்கு பிடிக்காது, ஆனா அந்தம்மாவோட கோடு இருக்கே, அவ்ளோ அழகுன்னு. அதே கடிதத்துல அந்த நிறத்த தொண்டைக்கு போட்டு சப்பற பொட்டாசியம் குளோரேட் மாத்திரையோட வேற ஒப்பிடறாரு. ஒரு பேரழகிய பத்தி பேசும்போது மாத்திரை ஞாபகம் வருதுன்னா பாத்துக்கோங்க. ஆனா கவனிச்சீங்களா, நிறத்த கேலி பண்ணிட்டு கோட்ட புகழறாரு. படம் முழுக்க அதே கணக்கு தான், உருண்டு திரண்ட முகமா வரைய முடியாதத கத்தரிச்சு ஒட்டின நிழலுரு மாதிரி வரைஞ்சுட்டாரு, அதுக்கு தான் பக்கவாட்டு முகம், அதுக்கு தான் வெறும் பின்னணி.

இன்னொண்ணு, இது ஆர்டர் குடுத்து வரைஞ்ச படமே இல்ல. பொதுவா இந்த மாதிரி பெரிய வீட்டு போர்ட்ரெய்ட்னா கணக்கு சிம்பிள், வீட்டுக்காரர் காசு குடுப்பாரு, மனைவிய கொஞ்சம் ஒல்லியா கொஞ்சம் சின்ன வயசா முத்து மாலையோட வரையணும், வரவேற்பறையில மாட்டணும். சார்ஜென்ட் பாத்தா இவரே ஆள் விட்டு கேக்கறாரு. பென் டெல் காஸ்தியோங்கற நண்பருக்கு எழுதறாரு, அந்தம்மாவ வரையணும்னு எனக்கு ரொம்ப ஆச, அவங்களும் யாராவது வந்து கேக்கட்டும்னு காத்திருக்கற மாதிரி தெரியுது, உனக்கு பழக்கம்னா நான் பயங்கர திறமசாலின்னு கொஞ்சம் சொல்லி வைன்னு. அப்போ அவருக்கு இருபத்தி ஏழு வயசு கூட இருக்காது. காசு கைமாறல, ஒப்பந்தம் இல்ல. வெளியூர்ல இருந்து வந்து பாரிஸ்ல பேரு வாங்கணும்னு துடிக்கற ரெண்டு பேரு சேந்து போட்ட கூட்டு முதலீடுன்னு வேணா சொல்லலாம். இவருக்கு விளம்பரம், அவங்களுக்கு விளம்பரம்.

விளம்பரம் எங்கன்னா சலோன்ல. முடி வெட்டற சலூன் இல்லைங்க, பாரிஸ்ல வருஷா வருஷம் மே மாசம் நடக்கற ஓவிய எக்ஸிபிஷன், ஷான்ஸெலிசே ரோட்டுல தொழில் மாளிகைனு ஒரு பெரிய ஹால்ல ஆயிரக்கணக்கான படங்கள தரையில இருந்து கூரை வரைக்கும் நெருக்கி மாட்டியிருப்பாங்க. கேலரி, ஏஜென்ட் எல்லாம் இப்போ மாதிரி இல்லாத காலம், ஒரு ஓவியருக்கு ஒரு வருஷத்து வருமானமே அங்க கிடைக்கற பேர பொறுத்து தான். அவ்ளோ கூட்டத்துல கண்ணுல படணும்னா படம் பெருசா இருக்கணும், இல்லன்னா வித்தியாசமா இருக்கணும். சார்ஜென்ட் அதுல கெட்டிக்காரரு. 1879ல குருவோட போர்ட்ரெய்ட போட்டு பேரு வாங்கினாரு, 1882ல ஸ்பானிஷ் நடனக்காரிய கிட்டத்தட்ட மூன்றரை மீட்டர் அகலத்துல போட்டாரு, 1883ல பாய்ட் குடும்பத்து நாலு பொண்ணுங்கள அவங்க உயரத்துக்கு நிக்கற ஜாடிகளோட இருட்டு வாசல்ல நிக்க வெச்சு வரைஞ்சது. ஒவ்வொரு வருஷமும் படி ஏறிக்கிட்டே தான் போனாரு. 1884க்கு இந்த படம்.

வரையறது லேசுல முடியல. பாரிஸ்ல உக்காந்து முயற்சி பண்ணாங்க, அந்தம்மாவுக்கு விருந்து விருந்தா போகணும், நேரம் இல்ல. சரின்னு 1883 கோடையில பிரான்ஸ்லயே பிரிட்டனிங்கற பகுதியோட கடற்கரையில பாராமேங்கற இடத்துல அவங்களோட பண்ண வீட்டுக்கே போயிட்டாரு. அங்க இருந்து எழுதின கடிதத்துல, மேடம் கோத்ரோவோட வரைய முடியாத அழகோடயும் திருத்த முடியாத சோம்பேறித்தனத்தோடயும் மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன்னு புலம்பறாரு. சோஃபாவுல சாஞ்சு புக் படிக்கற மாதிரி, மண்டி போட்டு ஜன்னல் பக்கம் பாக்கற மாதிரி, விருந்துல கிளாஸ தூக்கி வாழ்த்து சொல்ற மாதிரின்னு பென்சில்லயும் கலர்லயும் ஏகப்பட்ட ஸ்கெட்ச். கிளாஸ் தூக்கற அந்த சின்ன படம் இப்போ பாஸ்டன்ல கார்ட்னர் மியூசியத்துல இருக்கு, பெரிய படத்த விட அதுல ஆள் உயிரோட இருக்காங்கன்னு எனக்கு தோணும், அது வேற விஷயம்.

முதல் வீச்சுலயே முடிக்கணும்னு பாடம் படிச்ச ஆளு இந்த ஒரு படத்துல திரும்ப திரும்ப மாத்தியிருக்காரு. மியூசியத்துக்காரங்க எக்ஸ்ரே அது இதுன்னு எடுத்து பாத்ததுல, முகத்தோட ஓரக் கோட்ட பல தடவ திருத்தினது தெரியுது. தோலுக்கு ஈய வெள்ளையோட சிவப்பு கலந்திருக்காரு, அது எல்லாரும் செய்யறது, கூடவே பச்சையும் கருப்பும் கலந்திருக்காரு, அந்த பொண நீலம் அதுல தான் வருது. பின்னணி இருட்டா இருந்தது பிடிக்காம ஒரு நாள் அது மேல லேசான ரோஸ் டோன அடிச்சு, படத்த தலகீழா திருப்பி வெச்சுட்டு, ஸ்டூடியோவோட அந்த கோடிக்கு போய் குனிஞ்சு கக்கத்து இடுக்கு வழியா பாத்தாராம், எவ்ளோ பெட்டரா இருக்குன்னு அவரே எழுதியிருக்காரு. குரு வந்து பாத்துட்டு தைரியமா சலோனுக்கு அனுப்புன்னாரு. சார்ஜென்ட்டுக்கு தான் உள்ளுக்குள்ள ஒரு இது இருந்துச்சு, தெம்பு குடுக்கற வார்த்தை, ஆனா பொய்னு நண்பருக்கு எழுதறாரு.

மே மாசம் சலோன் தொறந்துச்சு. லிஸ்ட்ல பேரு போடல, மேடம்னு போட்டு மூணு நட்சத்திரக் குறி மட்டும். அது சும்மா மரியாதைக்கு, பாரிஸ்ல அந்த மூக்க தெரியாதவங்க கிடையாது.

அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு ரால்ஃப் கர்ட்டிஸ்னு சார்ஜென்ட்டோட சொந்தக்கார ஓவியர் ஒருத்தர் அப்பா அம்மாவுக்கு கடிதம் எழுதியிருக்காரு, இந்த விஷயத்துல எனக்கு பிடிச்ச ஆவணம் அது தான். நாள் பூரா படத்து முன்னாடி ஒரே கூச்சல். சார்ஜென்ட் நண்பர்கள் கண்ணுல படாம கதவுக்கு பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு இருந்தாராம். கர்ட்டிஸ அவரு தான் கூட்டிட்டு போய் காட்டறாரு, கர்ட்டிஸுக்கும் கலர் பிடிக்கல, அழுகிப்போன பொணம் மாதிரி இருக்காங்கன்னு பச்சையா எழுதறாரு. பொம்பளைங்க எல்லாம் இதா அந்த அழகின்னு சிரிக்கறாங்க, அய்யோ கொடுமைங்கறாங்க. ஓவியர்கள் மட்டும் என்னா தைரியம், என்னா கோடுன்னு அசந்து நிக்கறாங்க. அப்போ கிளப்புக்கு போற நக்கல் பேர்வழி ஒருத்தன், இது காப்பிங்கறான். எப்படிய்யா காப்பின்னு கேட்டா, பெயின்ட் அடிச்ச ஒண்ண பாத்து திரும்ப பெயின்ட் அடிச்சா அதுக்கு பேரு காப்பி தானேங்கறான்.

மொத்த விவகாரமும் எனக்கு அந்த ஒரு ஜோக்குல அடங்கிடும். அவன் ஸ்ட்ராப்ப பத்தி பேசல, மேக்கப்ப பத்தி பேசறான்.

ஏன் மேக்கப் இவ்ளோ பெரிய விஷயம்? அந்த காலத்து பாரிஸ்ல நல்ல குடும்பத்து பொம்பளைங்க லேசா பவுடர் போட்டுக்கலாம், ஆனா போட்டது தெரியக் கூடாது. தெரியற மாதிரி பூசிக்கறது நாடகக்காரிங்களும் காசுக்கு பழகறவங்களும் பண்றதுன்னு ஒரு எழுதாத சட்டம். உடம்பு தெரியறது பிரச்சனையே இல்ல, அதே சலோன் சுவத்துல துணியே இல்லாத பொம்பளைங்க படம் வருஷா வருஷம் தொங்கும், வீனஸ்னு பேரு வெச்சுட்டா போதும். 1863ல கபனெல்ங்கற ஓவியர் வரைஞ்ச வீனஸ் அலை மேல அம்மணமா படுத்திருக்கு, சக்கரவர்த்தி மூணாம் நெப்போலியனே காசு குடுத்து வாங்கினாரு. ரெண்டே வருஷம் கழிச்சு மானேங்கற ஓவியர் ஒலிம்பியாங்கற படத்த போட்டாரு, அதுவும் அம்மணம் தான், ஆனா பாத்தா நிஜ ஊர் நிஜ பொம்பள, கழுத்துல ஒரு கருப்பு ரிப்பன், நேரா உன்ன பாக்கறா, ஊரே காறித் துப்புச்சு. தேவதைன்னா பரவாயில்ல, நமக்கு தெரிஞ்ச ஆளுன்னா தான் பிரச்சனை. மேடம் கோத்ரோ தலையில டயானா தேவதையோட பிறை இருக்கு, ஆனா விரல்ல கல்யாண மோதிரமும் இருக்கே.

ஸ்ட்ராப் ஒண்ணுமே இல்லன்னு சொல்லல, தப்பா எடுத்துக்காதீங்க. அதோட அப்போதைய நிலைய காட்டற பழைய போட்டோ இருக்கு, பாத்தா வலது தோள் சுத்தமா வெறுமையா, நகை வெச்ச ஸ்ட்ராப் கைக்கு மேல தொங்குது, கழட்டறதுக்கு முன்னாடியா மாட்டறதுக்கு முன்னாடியான்னு சந்தேகம் வர்ற மாதிரி. பத்திரிக்கையில கேலிப்படம் போட்டவங்களுக்கு அது அல்வா மாதிரி கிடைச்சுச்சு. பவுடர கார்ட்டூன்ல வரைய முடியாது, கருப்பு வெள்ளை அச்சு, ஸ்ட்ராப் ஒரு கோடு, ஈஸியா வரைஞ்சிடலாம். அதனாலயே கதையில ஸ்ட்ராப் நிலைச்சுடுச்சுன்னு நெனைக்கறேன், இது என்னோட ஊகம் தான்.

சாயங்காலம் அந்தம்மாவும் அவங்க அம்மாவும் அழுதுக்கிட்டே ஸ்டூடியோவுக்கு வந்துட்டாங்க. கர்ட்டிஸ் எப்படியோ பேசி அனுப்பினாரு, ஆனா அம்மாக்காரி திரும்ப வந்து சார்ஜென்ட்ட பிடிச்சுக்கிட்டாங்க. என் பொண்ணு வாழ்க்கையே போச்சு, பாரிஸே அவள பாத்து சிரிக்குது, மாப்பிள்ளை யார் கூடயாவது சண்டைக்கு போக வேண்டி வரும், அவ துக்கத்துலயே செத்துடுவான்னு ஒரே ஆர்ப்பாட்டம். படத்த எடுத்துடுன்னாங்க. சார்ஜென்ட் மாட்டேன்னுட்டாரு. அவங்க எப்படி உடுத்தியிருந்தாங்களோ அப்படியே தான் வரைஞ்சிருக்கேன், நேர்ல அவங்க தோற்றத்த பத்தி பேப்பர்ல எழுதாத எதையும் இப்போ படத்த பத்தி புதுசா யாரும் சொல்லிடலன்னாரு. குரூரமான பதில், ஆனா நேர்மையான பதில். எனக்கு இதுல சார்ஜென்ட் மேல கொஞ்சம் கோவம் வரும், ஏன்னா ரெண்டு பேரும் சேந்து போட்ட பந்தயம், தோத்ததும் இவருக்கு கலைன்னு ஒரு குடை இருக்கு, அவங்களுக்கு இருந்த ஒரே மூலதனம் அந்த முகம், அத பாத்து ஊரு சிரிச்சா எங்க போவாங்க. திட்டினவங்க மட்டும்தான்னு இல்ல, லூயி த ஃபூர்கோனு ஒரு விமர்சகர் விரிவா ஆதரிச்சு எழுதினாரு, அழகையே தொழிலா வெச்சிருக்கற ஒருத்தி கடைசில சிலையாவே ஆயிடறான்னு அவரு புரிஞ்சுக்கிட்டு எழுதினது. ஜூடித் கோத்தியேங்கற எழுத்தாளரும் ஆதரிச்சாங்க. ஆனா கூட்டத்துல அது யாரு காதுல விழும்.

எக்ஸிபிஷன் முடிஞ்சு படம் திரும்பி வந்ததும் சார்ஜென்ட் ஒரு வேலை பண்ணாரு, ஸ்ட்ராப்ப தோள் மேல ஏத்தி வரைஞ்சுட்டாரு. இப்போ நம்ம பாக்கறது அந்த ஏத்தின ஸ்ட்ராப். லண்டன்ல டேட் மியூசியத்துல இதே படத்தோட முடிக்காத இன்னொரு காப்பி இருக்கு, அதுல அந்த இடத்துல ஸ்ட்ராப்பே இல்ல, எப்படி போடறதுன்னு முடிவு பண்ணாமலே விட்டுட்டாரு. தோல் நிறத்துல கை வைக்கல. கை வெச்சா படமே போயிடும்.

அப்புறம் அந்த லண்டன் ஓட்டம். நெஜம் என்னன்னா 1884 கோடையில இங்கிலாந்து போனது ஏற்கனவே வந்திருந்த வேலைக்கு, ஷெஃபீல்ட்ல விக்கர்ஸ்னு எஃகு முதலாளி குடும்பத்த வரைய. ஹென்றி ஜேம்ஸ்னு எழுத்தாளர் வேற லண்டனுக்கு வந்துடுன்னு பிடிச்சு இழுத்துக்கிட்டு இருந்தாரு. பாரிஸ்ல ஆர்டர் வத்திப்போச்சுங்கறது உண்ம, ஆனா பாரிஸ் ஸ்டூடியோவ விட்டுட்டு மொத்தமா மாறினது 1886ல தான், லண்டன் டைட் ஸ்ட்ரீட்ல விஸ்லர்ங்கற ஓவியர் முன்னாடி இருந்த இடத்துல. இங்கிலீஷ்காரங்களும் உடனே தல மேல தூக்கி வெச்சுக்கல, இவரு ரொம்ப பிரெஞ்சு, ரொம்ப புத்திசாலித்தனம்னு சந்தேகப்பட்டாங்க, தோட்டத்துல ரெண்டு சின்ன பொண்ணுங்க காகித விளக்கு ஏத்தற படம் 1887ல வந்த அப்புறம் தான் இளகினாங்க. பின்னாடி ஆளுயர போர்ட்ரெய்ட்டுக்கு ஆயிரம் கினி, அதாவது ஆயிரம் பவுனுக்கும் மேல, வாங்கற அளவுக்கு போனாரு, வரிசையில நின்னாங்க பிரபுக்களும் அமெரிக்க கோடீஸ்வரங்களும். 1907 வாக்குல போர்ட்ரெய்ட்டே வேணாம்டா சாமின்னு கிட்டத்தட்ட விட்டுட்டு வாட்டர்கலரும் சுவரோவியமும்னு போயிட்டாரு.

ஆனா அந்த படத்த விக்கல. முப்பது வருஷத்துக்கு மேல ஸ்டூடியோவுலயே வெச்சிருந்தாரு. வர்றவங்க எல்லாம் அத பாத்தாங்க, 1886ல ஹென்றி ஜேம்ஸ் கூட்டிட்டு வந்து பாஸ்டன் கோடீஸ்வரி இசபெல்லா கார்ட்னர் பாத்தாங்க, பாத்துட்டு தானும் இவரு கிட்ட தான் வரையணும்னு வந்தாங்க. 1888ல வரைஞ்ச அந்த படத்துலயும் கழுத்து கொஞ்சம் இறக்கம், அவங்க வீட்டுக்காரர் தான் உயிரோட இருக்கற வரைக்கும் வெளிய காட்டக் கூடாதுன்னுட்டாரு. அங்க ஊரு சிரிக்கறதுக்கு முன்னாடியே வீட்டுலயே பூட்டிட்டாங்க.

ஊரு சிரிச்ச அதே படத்த பத்தி மேடம் கோத்ரோவே பின்னாடி சார்ஜென்ட்டுக்கு எழுதியிருக்காங்க, ஜெர்மனி சக்கரவர்த்தி கைசர் அந்த படத்துல இருக்கற மாதிரி கவர்ச்சியான பெண் உருவத்த பாத்ததே இல்லங்கறாரு, பெர்லின்ல உங்க படங்கள எல்லாம் வெச்சு ஒரு எக்ஸிபிஷன் போடணுமாம்னு. சார்ஜென்ட் சாக்கு சொல்லி தட்டி கழிச்சுட்டாரு. 1915ல அந்தம்மா இறந்தாங்க. அப்போ படம் சான் ஃபிரான்சிஸ்கோ எக்ஸிபிஷன்ல இருந்துச்சு. 1916 ஜனவரில மெட்ரோபாலிட்டன் மியூசியம் டைரக்டருக்கு சார்ஜென்ட் எழுதறாரு, அமெரிக்காவுக்கு வந்ததே வந்துச்சு, உங்களுக்கு வேணும்னா ஆயிரம் பவுனுக்கு வெச்சுக்கோங்க, நான் பண்ணதுலயே நல்லது இது தான்னு நெனைக்கறேன்னு. ஒரு கண்டிஷன், முன்னாடி அந்தம்மாவோட நடந்த சண்டைய நெனச்சு அவங்க பேர போட வேணாம்னாரு. அப்படி வந்தது தான் மேடம் எக்ஸ். ஒரு வகையில பாவம், பாரிஸே பேரு சொல்லி அடையாளம் கண்டுக்கணும்னு தான் அவங்க நின்னதே.

முடங்கிட்டாங்கன்னு சொல்றாங்களே, அதுவும் முழுசா சரியில்ல. அவங்க திரும்பவும் ஓவியருக்கு நின்னாங்க. 1898ல அந்தோனியோ த லா கந்தாராவுக்கு, நமக்கு முதுக காட்டிக்கிட்டு. அதுக்கு முன்னாடி 1891ல குஸ்தாவ் கூர்துவாவுக்கு, அந்த படம் இப்போ பாரிஸ்ல ஓர்சே மியூசியத்துல இருக்கு. வெள்ளை கவுன், அதே பக்கவாட்டு முகம், அதே மூக்கு. அதுலயும் ஸ்ட்ராப் தோள்ல இருந்து நழுவி தான் கிடக்குது. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல.